நல்லாண்டபுரத்தில் முப்பத்திரண்டு அதிகம்

ஒரு பொருள் திருட்டுப் போனால் போலீசுக்குப் போகலாம். திருட்டு வந்தால் யாரிடம் போவது? தேன்மொழி என்னிடம் வந்தாள். வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போன் செய்து, ஹலோகூடச் சொல்லாமல் அழுதாள். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் காப்பியடிக்க வசதியாகப் பரீட்சைத் தாளைச் சாய்த்து வைத்தவள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

என் பெயர் ரீபா. பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற ஐயம்பெருமாள் துப்பறியும் நிலையத்தின் உதவியாளர், டிரைவர், தரை துடைப்பவர் எல்லாம் நானே. முதலாளி ஐயம்பெருமாள் அண்ணாச்சி முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனைப் பின்னங்கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த ஒரே தகுதியை நம்பி, ஓய்வு பெற்ற மறுநாளே போர்டு மாட்டினார். வண்டி ஓட்டத் தெரியாது. என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மாடே இல்லாத ரோட்டில் "பைய போ பிள்ள, அங்கன மாடு நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

சேரன்மகாதேவியைத் தாண்டி, வாழைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது நல்லாண்டபுரம். அதன் கிளை நூலகம் ஒரு காலத்தில் நெல் கிட்டங்கியாக இருந்த கட்டடம். எழுபது வருடமாகப் புத்தகம் அடுக்கியும் சுவரிலிருந்து நெல் வாசனை போகவில்லை. அங்கே தேன்மொழி பதினோரு வருடம் பகுதி நேர ஊழியராக இருந்து, போன வருடம்தான் நிரந்தர நூலகர் ஆனாள். அந்த வேலைதான் இன்று மாலை ஐந்து மணிக்குப் போகப் போகிறது.

நாங்கள் நுழைந்ததும் வாசலில் இருந்த மரத் தட்டைக் காட்டினாள். பைகளை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பரீட்சைத் தாள் ஒன்றைத் தவிர, உலகமே இடிந்து விழுந்தாலும் அவளுக்கு விதி விதிதான். அண்ணாச்சியின் முறுக்குப் பையும் தட்டுக்குப் போனது. அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

தேன்மொழி மெமோவை நீட்டினாள். மொத்த நூல்கள் பதிவேட்டின்படி ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினொன்று. அலமாரியில் உள்ளவை ஒன்பதாயிரத்து நானூற்று நாற்பத்து மூன்று. வேறுபாடு முப்பத்திரண்டு. காரணத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்காவிட்டால் பணியிடை நீக்கம்.

"முப்பத்திரண்டு கொறைஞ்சு போச்சாட்டி?" என்றேன்.

"கூடிப் போச்சுட்டி."

நான் சிரித்தது தப்புதான். அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே விளக்கினாள். நூலகத்துக்கு வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி, ஒரு எண். புத்தகம் தொலைந்தால் அந்த வரியில் சிவப்பு மையால் கோடு போட்டுவிடலாம். ஆயிரத்துக்கு இத்தனை தொலையலாம் என்று அரசாங்கமே மன்னித்து வைத்திருக்கிறது. புத்தகம் கூடினால் மன்னிப்பே கிடையாது. அப்படி ஒன்று நடக்கும் என்று விதி எழுதியவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே தலைமை அலுவலகத்தில் ஒரே முடிவாக இருக்கிறார்கள். நல்ல புத்தகங்களை எங்கோ தள்ளிவிட்டு, கணக்கை மறைக்கப் போலிகளைச் சொருகும்போது தேன்மொழி கைதவறி நிறையச் சொருகிவிட்டாளாம்.

"திங்கக்கிழமை எண்ணுனப்ப பன்னிரண்டு கூட இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை இருவது. நேத்து முப்பத்திரண்டு," என்றாள்.

"குட்டி போடுதோ?" என்றேன். அண்ணாச்சி என்னை முறைத்தார்.

எண்ணுகிறவர் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். சரிபார்ப்பு அலுவலர் ஜாபேஸ். டவுனிலிருந்து திங்கட்கிழமையே வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. டீ குடிக்க வெளியே போனாலும் திரும்பி வரும்போது வருகைப் பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுகிற மனிதர். நாங்கள் யார் என்று கேட்டார். அண்ணாச்சி தன் கார்டைக் கொடுத்தார். அதை இரண்டு பக்கமும் படித்து, மெமோவுக்குப் பதில் எழுத ஊழியர் யாரிடமும் ஆலோசனை கேட்கலாம், ஆனால் புத்தகத்தை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கக் கூடாது, மேசையில்தான் வைக்க வேண்டும் என்றார். அந்தக் குரலில் ஈரமே இல்லை. எனக்கு அவரைப் பார்த்த நிமிடமே பிடிக்கவில்லை.

அறையில் இன்னொருவர் பெரியவர் கருத்தையா. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கடைநிலை உதவியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். தினமும் காலையிலும் மாலையிலும் வந்து, பேப்பரில் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களை மட்டும் வாய்விட்டுப் படிப்பார். யார் போனாலும் வயதைச் சொல்லி, "எனக்கு இளையவன்," என்று திருப்திப்பட்டுக்கொள்வார்.

தேன்மொழி அந்த முப்பத்திரண்டையும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒன்றை எடுத்தேன். கறுப்பு ரெக்சின் அட்டை, ஓரமெல்லாம் சிவப்புச் சாயம், நடுவில் தொங்கும் பட்டு நாடா. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொண்டுபோகும் பாட்டுப் புத்தகம் என்று நினைத்துப் பயபக்தியோடு திறந்தேன். உள்ளே வாத்து வளர்ப்பு. முட்டைக்கு எப்படிச் சூடு காட்டுவது என்ற பக்கத்தில் நாடா கிடந்தது.

அதே வாத்துப் புத்தகம் இன்னும் மூன்று இருந்தது. ஆசிரியர் இல்லாமல் நீச்சல் பழகுவது பற்றி நான்கு. மனோவசியம் பற்றி நான்கு. ரேடியோ ரிப்பேர் நான்கு. கடிதம் எழுதும் முறை நான்கு. இப்படி எட்டு வகை, வகைக்கு நான்கு. எல்லாம் பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்தவை. ஒரு வகையின் நான்கு பிரதியிலும் ஒரே சேர்க்கை எண் பச்சை மையில் எழுதியிருந்தது. முதுகில் துறை எண் லேபிள் ஒட்டி, தமிழ்நாட்டில் எந்த வாசகனும் செய்யாத காரியமாக, அந்தந்தப் புத்தகம் இருக்க வேண்டிய தட்டில் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டிருந்தது.

"இந்த நம்பரப் பதிவேட்டுல பாத்தியாம்மா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

பார்த்தாளாம். எல்லாமே பழைய பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்ட எண்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அது செத்த வரி. நூலக வேலையில் இருக்கிறவர்கள் செத்த வரியைப் படிக்க மாட்டார்கள், கண் தானாகத் தாண்டிவிடும். அண்ணாச்சிக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. பெரிய தடிமனான பதிவேட்டை வாங்கி, உயிரோடு இருக்கிற வரிகளைத் தாண்டி, செத்த வரிகளை மட்டும் படித்தார். அரை மணி நேரம் ஆனது. நான் அதற்குள் இரண்டு தடவை கொட்டாவி விட்டு, மூன்றாவதற்குத் தயாரானேன்.

"எட்டு இல்ல, ஒம்பது," என்றார் கடைசியில்.

1978-ல் வாத்து தொலைந்திருக்கிறது. அடுத்த வருடம் நீச்சல். பிறகு ரேடியோ. 1983-ல் மனோவசியம். "அது பத்தாங்கிளாஸ் தாண்டுன பையன் தேடுத புஸ்தகம் பாத்துக்கோ," என்றார். பின் கடிதம் எழுதும் முறை. அது யாருக்கு எழுத என்று நான் கேட்கவில்லை. கடைசியாக 1987-ல் ஒன்று தொலைந்திருக்கிறது. அரசுப் பணித் தேர்வுக்கான வழிகாட்டி. அதற்குப் பிறகு பத்து வருடம் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை.

"ஏன் நிறுத்திட்டான்?" என்று கேட்டேன்.

"பாஸாயிட்டான்."

தேன்மொழி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்த வழிகாட்டி வகை நூல்கள் இருக்கும் தட்டுக்கு ஓடினாள். ஒன்பதாவது புத்தகத்தின் நான்கு பிரதிகளும் அங்கே இல்லை. அது இன்னும் வரவில்லை. நாளை வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, சரிபார்ப்பும் இன்றோடு முடிகிறது. வந்தால் இன்றுதான் வர வேண்டும்.

பாட்டுப் புத்தக பைண்டிங் என்றால் பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சி பக்கம் கிங்ஸ்டன்தான். நாலு தலைமுறையாகக் கோவில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிற குடும்பம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பசைச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். வாத்துப் புத்தகத்தைக் காட்டியதும், பெற்ற பிள்ளையைப் பார்த்ததுபோல் வாங்கித் தடவினார். வேலை தன்னுடையதுதான் என்றார். வாத்து என்று தெரிந்துதான் செய்தாராம். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே பைண்டிங். யார் எதைக் கொடுத்தாலும் அது சிவப்பு ஓரமும் நாடாவுமாகத்தான் வெளியே வரும்.

"கொண்டாந்தது யாருவே?" என்றார் அண்ணாச்சி.

"மொகம் பாக்கலயே அண்ணாச்சி. ஹெல்மெட்டக் கழத்தவே இல்ல. மொத நாளு கொள்ளக்காரன்னு நெனச்சு கத்தரிக்கோல எடுத்துட்டேன். பாத்தா, அந்தாள் பையிலருந்து ஸ்கேல எடுத்து முதுக அளக்காவ. அடியிலருந்து ரெண்டு அங்குலத்துக்கு எழுத்து எதுவும் வரக் கூடாதுன்னு சொன்னாவ. அட்டையில சிலுவ போடவான்னு கேட்டேன். ஹெல்மெட்ட ஆட்டி வேண்டாம்னுட்டாவ."

கடைசி நான்கும் நேற்று மாலை முடிந்து, ஹெல்மெட் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். என்ன புத்தகம் என்று கேட்டேன். சர்வீஸ் கமிஷன் பரீட்சை என்றார் கிங்ஸ்டன். அந்த நாலுக்கும் தங்கக் கலர் நாடா போட்டிருப்பதாகப் பெருமையோடு சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். அடியில் இரண்டு அங்குலம் என்பது லேபிள் ஒட்டுகிற இடம். அதை அளந்து விடச் சொல்கிறவன் நூலக வேலை தெரிந்தவன். "ஒன் சேக்காளிட்ட ஹெல்மெட் இருக்கா?"

பத்தமடை பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பேன். தேன்மொழி போலி சேர்க்கிற பெண் இல்லை, அவள் பேனா மூடியைக்கூட மாற்றிப் போட மாட்டாள் என்று ரோட்டில் நின்று கத்தினேன். 1978-ல் அவள் பிறக்கவே இல்லை, திருடினவன் அப்போது பன்னிரண்டு வயசுப் பையனாக இருந்திருப்பான், இப்போது அறுபதை நெருங்கியிருப்பான், ரிட்டயர் ஆகப் போகிற நேரத்தில் பயம் வந்து திருப்பி வைக்கிறான் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்படி வா வழிக்கு. கோவம் வந்தாத்தான் ஒனக்கு மூளை ஓடுது," என்றார் அண்ணாச்சி. "ஏன் நாலுன்னு சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார். வருடா வருடம் எங்கள் ஆட்கள் பெரிய கூடாரம் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்துவார்கள். அது முடிந்த திங்கட்கிழமை பஸ் டிப்போ வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்களாம். எப்போதோ டிக்கெட் இல்லாமல் போனதை ஒத்துக்கொண்டு, எடுத்ததை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பைபிளைக் காட்டிப் பிரசங்கித்தார்கள் என்று, நாலு டிக்கெட் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்களாம். ஒருத்தர் நாலு தடவை நாகர்கோவில் போய்த் திரும்பினாராம். கோவில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடம் பாடிய எனக்கு இது தோன்றவில்லை, திருச்செந்தூர் முருகனைக் கும்பிடுகிற அண்ணாச்சிக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. பேசாமல் வண்டியை எடுத்தேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலு. தேன்மொழி மேசையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு, 'ஐயா' என்ற ஒரு சொல்லுக்குக் கீழே எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். அலுவலர் ஜாபேஸ் அலமாரி அலமாரியாகக் கடைசி எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது கருத்தையா உள்ளே வந்தார். தோளில் துண்டு. துண்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை, அதில் கட்டம் கட்டமாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. பையைத் தட்டில் வைக்காமல் நைசாக உள்ளே நழுவினார்.

எனக்குள் எல்லாம் பொருந்திப் போனது. உள்ளூர்க்காரர். அரசாங்க வேலை பார்த்தவர். தினமும் இரண்டு வேளை இங்கே உட்கார்ந்து எந்தப் புத்தகம் எங்கே என்று பார்த்தவர். நான் பாய்ந்து பையைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தேன்.

துணி துவைக்கிற சவுக்காரம் நாலு கட்டி விழுந்தது.

தட்டில் வைத்தால் போன மாதம் மாதிரி யாராவது எடுத்துவிடுவார்கள் என்றுதான் துண்டுக்குள் வைத்தேன் என்று கருத்தையா சொன்னார். ஜாபேஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நூலகத்துக்குள் அமைதி காக்க வேண்டும் என்றார். பூமி பிளந்தால் முதல் ஆளாக உள்ளே இறங்கியிருப்பேன்.

அண்ணாச்சி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி வாசல் பக்கம் போய் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஜாபேஸ் ஒரு அலமாரியை முடித்துவிட்டு, தன் கறுப்புத் தோள்பையோடு அடுத்த அலமாரிக்குத் திரும்பினார். வழிகாட்டி நூல்கள் இருக்கிற அலமாரி.

"டிக்கெட்," என்றார் அண்ணாச்சி.

ஜாபேஸ் தன்னைத்தான் சொல்கிறார் என்று புரியாமல் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, முப்பத்து மூணு வருஷம் பஸ்ஸுல ஏறி எல்லார்ட்டயும் டிக்கெட் கேட்டேன். என்ட்ட ஒருத்தன் கேட்டதில்ல. இங்கன எல்லார் பையும் அந்தத் தட்டுல இருக்கு. என் முறுக்குகூட அங்கதான் கெடக்கு. காலையிலருந்து ஒங்க பை மட்டும் ஒங்க தோள்லயே இருக்கு. எண்ணும்போதுதான் புஸ்தகம் கூடுது, எண்ணாதப்ப கூடல. பைய வைங்க."

தேன்மொழி பயந்துபோய் அண்ணாச்சியின் கையைப் பிடித்தாள். அலுவலர் பையைச் சோதிக்க விதி கிடையாது என்று முணுமுணுத்தாள். பைத்தியக்காரி. தன்னை வெட்ட வந்த கத்திக்கு உறை தேடிக்கொண்டிருந்தாள்.

ஜாபேஸ் தானே போய்ப் பையைத் தட்டில் வைத்தார். ஜிப்பைத் திறந்தார். நாலு கறுப்புப் புத்தகங்கள் வந்தன. நாலிலும் தங்கக் கலர் நாடா.

அவர் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர். வருகிற செவ்வாய்க்கிழமை ஓய்வு. மாலையும் பிரியாணியும் ஏற்பாடாகிவிட்டன. போன வருடம் ஒரு கூடாரத்துப் பிரசங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, எடுத்ததையெல்லாம் வைத்துவிட்டுப் போ என்று தன்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்ததாம். பையோடு அலமாரி வரை போக இந்த நான்கு நாட்கள்தான் அவருக்கு வழி. ஆகவே தினமும் கொஞ்சம் கொண்டுவந்து, லேபிள் ஒட்டி, சரியான இடத்தில் வைத்திருக்கிறார். தப்பான இடத்தில் வைக்க அவர் கைக்கு வராது.

"வச்சது நீங்க. எண்ணினதும் நீங்க. அதிகமா இருக்குன்னு எழுதிக் கொடுத்ததும் நீங்க," என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"இருந்தது முப்பத்திரண்டு அதிகம்மா. இல்லன்னு பொய்யா எழுத முடியுமா?" என்றார். மெமோவைத் தயாரித்ததும் தான்தான் என்று ஒத்துக்கொண்டார். கையெழுத்து மேலதிகாரியுடையது என்று திருத்தமும் சொன்னார்.

தேன்மொழிக்கு முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. ஓடிப்போய் நன்கொடைப் பதிவேட்டை எடுத்துவந்தாள். வாசகர் யாராவது புத்தகம் தானமாகக் கொடுத்தால் அதில் எழுதி, புது எண் போட்டுக்கொள்ளலாம். கொடுத்தவர் பெயரும் கையெழுத்தும் மட்டும் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவள் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. தானம் என்று எழுதினால் அது இரண்டாவது திருட்டு என்றார். திருடினதைத் திருப்பி வைத்துவிட்டு வள்ளல் என்று பெயர் வாங்க முடியாது. திருடினேன் என்று எழுதலாம்தான். எழுதினால் செவ்வாய்க்கிழமை ஓய்வு கொடுக்க மாட்டார்கள், மாலை போடுகிற நேரத்தில் பணியிடை நீக்க உத்தரவைக் கையில் கொடுப்பார்கள். ஓய்வூதியம் எப்போது வரும் என்று தெரியாது. இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வரப் பார்த்தது. தேன்மொழியின் வெள்ளைத் தாள் கண்ணில் பட்டதும் இரக்கம் ஓடிவிட்டது.

"சார், புஸ்தகத்த நாலு மடங்கா கொடுத்திட்டிய. சரி. இந்தப் பிள்ளயோட வேலைய அஞ்சு மணிக்கு எடுக்கப் போறிய. அத எத்தன மடங்கா திருப்பிக் கொடுப்பிய?"

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. கருத்தையா சவுக்காரக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பையில் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜாபேஸ் எழுந்து, தேன்மொழியின் மேசைக்கு வந்து, 'ஐயா' என்று அவள் எழுதியிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்கு எழுதினார். 1978 முதல் 1987 வரை இந்த நூலகத்திலிருந்து ஒன்பது நூல்களைத் திருடியவன் நான். அவற்றுக்கு ஈடாக முப்பத்தாறு நூல்களை யாருக்கும் தெரியாமல் வைத்தவனும் நான். நூலகருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. கையெழுத்துப் போட்டார். அலுவலக முறைப்படி அந்த விளக்கம் அவர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். ஆகவே அடியில் 'பரிந்துரையுடன் மேலனுப்பப்படுகிறது' என்று எழுதி, இன்னொரு கையெழுத்தும் போட்டார். நகல் ஒன்று எடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று தனக்குத் தானே எழுதி வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே பார்த்தார்.

தேன்மொழி சிரிக்கவில்லை. அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். படித்துவிட்டு அவரைக் கேட்டாள்.

"ஏன் சார் திருடுனிய? உறுப்பினராச் சேந்திருக்கலாமே?"

அன்றைக்கு உறுப்பினராகச் சேர, வீட்டு வரி கட்டுகிற ஒருத்தர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். சொந்த வீடு இல்லை. பன்னிரண்டு வயதில் படிவத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் மூன்று வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். மூன்றாவது வீட்டுக்காரர், தார் தூக்குகிறவன் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். அன்றைக்குத்தான் வாத்துப் புத்தகம் சட்டைக்குள் போனது. திருப்பிக் கொண்டுவந்தால் எடுத்தது தெரிந்துவிடும். அதனால் கொண்டுவரவில்லை. அரசு வேலைக்குத் தேர்வானதும் நூலகத் துறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இன்றுவரை எந்த நூலகத்திலும் அவர் உறுப்பினர் இல்லை.

இதைச் சொல்லும்போது அந்த வறண்ட குரல் உடைந்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முறுக்குப் பையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

தேன்மொழி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். பழைய படிவத்தைத்தான் இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள், அடியில் பிணையாளர் பகுதி அப்படியே இருக்கிறது. அவர் பெயரைக் கேட்டு எழுதினாள். அப்பா பெயரைக் கேட்டு எழுதினாள். பிணையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

"ஒன்ன சஸ்பெண்ட் பண்ண வந்தவன்மா நான்," என்றார் ஜாபேஸ்.

"நூலகர் பிணை போடக் கூடாதுன்னு விதி இல்ல சார். பாத்துட்டேன்," என்றாள்.

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. விண்ணப்பதாரரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்? தேன்மொழி பேனாவை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள். 'இன்று முதல்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.